பிரேக்குக்கு வைத்த சந்தனம்

மோகன் அந்தப் பிரேக் கட்டையை மூக்குக்கு நேரே கொண்டுபோய் முகர்ந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இன்னொரு தடவை முகர்ந்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. சந்தன வாசம் அடிக்குது."

சிங்கப்பூர்த் தேக்கா மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள ஒரு சந்தில் மிதிவண்டி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார் மோகன். என் கடைசித் தம்பியின் வயது இருக்கும். கை எவ்வளவு வேலை செய்கிறதோ அதைவிட அதிகமாக வாய் வேலை செய்யும். அப்படிப்பட்டவரே ஒரு நிமிடம் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"டிஸ்க்குக்குப் பொட்டு வச்சீங்களா?"

"வச்சோம்."

"எண்ணெய்க் கையோடயா?"

"ஆயுத பூஜைப்பா. விளக்குக்கு எண்ணெய் ஊத்திட்டு வந்த கை. வேற எப்படி இருக்கும்?"

அவ்வளவுதான். மனிதர் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "கார் வச்சிருக்கறவங்க ஸ்டீரிங்ல வைப்பாங்க. பைக் வச்சிருக்கறவங்க டேங்க்ல வைப்பாங்க. பிரேக்குக்கே பொட்டு வச்ச ஆளு நீங்கதாண்ணே! அத்தனை எடம் இருக்கு, ஏன் அங்க போய் வச்சீங்க?"

"பளபளன்னு வட்டமா இருந்துச்சு. பொட்டு வைக்கறதுக்குன்னே செஞ்சு வச்ச எடம் மாதிரி."

இதைக் கேட்டு அவர் இன்னும் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்துப் பூக்கடையில் மல்லிகை கட்டிக்கொண்டிருந்த அம்மா என்ன சங்கதி என்று எட்டிப் பார்த்தார். சிராங்கூன் சாலையின் தீபாவளி விளக்குகள் பகல் வெயிலில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன.

ஆனால் சிரித்து முடித்ததும் வீட்டு ஞாபகம் வந்தது. பிரேக் ஏன் பிடிக்கவில்லை என்று தெரிந்துவிட்டது, சரி. "இனிமே இந்த வண்டியில ஏற மாட்டேன்" என்று பாசிர் ரிஸ் வீட்டில் உட்கார்ந்திருப்பவளை என்ன செய்வது?

இரண்டு பேர் மிதிக்கும் வண்டி

இந்தத் தொடரை வாரா வாரம் படிப்பவர்களுக்குத் தேவகியைத் தெரியும். நான் எழுதுவதில் பாதி பொய் என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்பவள். இன்று புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வரி: தேவகி என் மனைவி, அவளுக்குக் கண்ணில் அழுத்த நோய்.

வலியே இல்லாமல் வருகிற வியாதி அது. ஓரங்களிலிருந்து பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. இப்போது ஒரு குழாய் வழியே பார்ப்பது போல நடுவில் மட்டும் தெரிகிறது, அதுவும் வெளிச்சம் இருந்தால்தான். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்று டாக்டர் நேராகவே சொல்லிவிட்டார். அன்று வீடு திரும்பும்போது எம்ஆர்டி ரயிலில் அவள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"அப்ப சைக்கிள்?"

மற்றவர்களாக இருந்தால் தொலைக்காட்சி பார்க்க முடியுமா, சமைக்க முடியுமா என்று கேட்டிருப்பார்கள். இவள் செம்பவாங்கில் வளர்ந்தவள். அப்பாவுக்குக் கப்பல் பட்டறையில் வேலை. அந்தக் காலத்தில் அந்தப் பக்கம் வேலை விடுகிற நேரத்தில் சாலை முழுக்க சைக்கிளாக இருக்குமாம். அப்பா வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் அவருடைய பெரிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய், கம்பிக்கு அடியில் காலை விட்டு மிதித்துப் பழகியவள். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் மார்க்கெட், பிள்ளையின் பள்ளிக்கூடம், கோயில் எல்லாவற்றுக்கும் சைக்கிள்தான். நான் நாள் முழுக்க பஸ் ஓட்டிவிட்டு வந்து படுத்துவிடுவேன். அவள் "காத்து வாங்கிட்டு வரேன்" என்று கிளம்பிவிடுவாள்.

கடைசியில் ஒருநாள் காலை, இழுவண்டியோடு மார்க்கெட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு சீன அம்மாவை அவள் பார்க்கவே இல்லை. யாருக்கும் அடியில்லை. முள்ளங்கிதான் சிதறியது. அந்த அம்மா கூட "நெவர் மைண்ட் லா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆனால் தேவகி அன்றோடு சைக்கிளைப் பூட்டிவிட்டாள். அதற்குப் பிறகு வீட்டில் ஒரு அமைதி வந்தது. எனக்கு அந்த அமைதி சுத்தமாகப் பிடிக்கவில்லை.

பாசிர் ரிஸ் பூங்காவில் வாடகைக்கு விடும் இரட்டைச் சைக்கிள்களைப் பல வருடங்களாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், இருவரும் மிதிக்க வேண்டும். காதலர்களும் விடுமுறைக்கு வந்தவர்களும் ஓட்டுகிற சமாசாரம் என்று நினைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளிடம் சொல்லாமல் ஒன்றை எடுத்து வந்து நிறுத்தி, "ஏறு" என்றேன். இந்த வயதில் என்ன கூத்து இது என்று திட்டிக்கொண்டேதான் ஏறினாள். கடற்கரை ஓரமாக ஒரு வளைவு திரும்பியதும் பின்னாலிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. இவள் பாடி நான் கேட்டு எவ்வளவோ நாளாகிவிட்டது.

அந்த மாதமே இணையத்தில் தேடி, ஊரைவிட்டுப் போகிற ஒரு தம்பதியிடமிருந்து பழைய இரட்டைச் சைக்கிள் ஒன்றை வாங்கிவிட்டேன். நல்ல வண்டி. இரண்டு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். சக்கரத்தின் நடுவில் ஒரு வட்டத் தகடு சுற்றும், இரண்டு பக்கமும் கட்டைகள் வந்து அதைக் கவ்வும்.

எலுமிச்சையும் சந்தனமும்

நான் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று ஒரு வாசகர் குறைபட்டிருந்தார். இந்த வாரமும் சொல்லித்தான் ஆக வேண்டும், மன்னிக்கவும்.

டிப்போவில் எங்களுக்கென்று தனி பஸ் கிடையாது. இன்று ஒன்று, நாளை வேறொன்று. அதனால் ஆயுத பூஜைக்கு எந்த வண்டிக்குப் பொட்டு வைப்பது என்று எங்களுக்குள் ஒவ்வொரு வருடமும் ஒரு வாக்குவாதம் நடக்கும். கடைசியில் அன்றைக்கு யார் கையில் எது வருகிறதோ அதற்கு வைத்துவிடுவோம். ஸ்டீரிங்கில் ஒரு சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம், முன் சக்கரத்துக்கு அடியில் ஒரு எலுமிச்சை. ஒருமுறை பக்கத்தில் நின்ற பஸ்ஸின் சீன ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "ஏய், மை பஸ் லே? மை பஸ் நோ காட்?" என்று, தன் பஸ்ஸுக்கு மட்டும் இல்லையா எனக் கோபித்துக்கொண்டார். அவருக்கும் வைத்தோம். அடுத்த வருடம் அவரே எலுமிச்சை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

ஆகவே இரட்டைச் சைக்கிள் வந்த பிறகு வந்த முதல் ஆயுத பூஜையை நாங்கள் சும்மா விடவில்லை. வண்டியைக் கழுவித் துடைத்துக் காரிடாரில் நிறுத்தினேன். தேவகி விளக்கேற்றிவிட்டு, சந்தனக் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்தாள். கையால் தடவித் தடவி வண்டியைப் பார்த்தாள். கைப்பிடிக்கு ஒரு பொட்டு. இரண்டு இருக்கைக்கும் ஒவ்வொன்று. பிறகு முன் சக்கரத்தைத் தடவி, நடுவில் வழவழவென்று குளிர்ச்சியாக ஒரு தகடு கையில் பட்டதும், "இங்க வைக்கலாம்ல?" என்று கேட்டாள்.

"பேஷா வை" என்றேன். சொன்னதோடு நின்றேனா? அவள் வைத்தது அழகாக இருக்கிறது என்று பின் சக்கரத் தகட்டுக்கு நானே குழைத்து வைத்தேன். இரண்டு பக்கமும் வைத்தேன். பொட்டு வழிந்து பரவியதைத் திரித் துணியால் துடைத்து வேறு விட்டேன்.

இத்தனை வருடம் பிரேக் பிடித்தே சம்பாதித்தவன் நான். பஸ் பிரேக் எங்கேயோ அடியில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும். அதற்குப் பொட்டு வைக்கிற வாய்ப்பே எனக்குக் கிடைத்ததில்லை.

பாலத்திலிருந்து இறங்கும்போது

பூஜைக்கு அடுத்து வந்த ஞாயிறு காலை கிளம்பினோம். முதல் நாள் பெய்த மழையில் பாதையோரப் புல் எல்லாம் நனைந்து கிடந்தது. சமதரையில் பிரேக் கொஞ்சம் மந்தமாக இருப்பது போலத் தோன்றியது. ஈரம் என்று விட்டுவிட்டேன்.

ஓடையின் மேல் ஒரு சின்னப் பாலம். ஏறி இறங்க வேண்டும். ஏறினோம். இறங்கும்போது இரண்டு பிரேக்கையும் பிடித்தேன். வண்டி கீச்சென்று ஒரு சத்தம் போட்டது. ஆனால் நிற்கவில்லை. இன்னும் அழுத்தினேன். கைப்பிடியில் போய் இடிக்கிற அளவுக்கு அழுத்தினேன். சத்தம்தான் கூடியது. இரண்டு பேர் கனம், சரிவு, ஈரம். கீழே ஒரு குடும்பம் நாயோடு நடந்து வருகிறது.

பாதையை விட்டுப் புல்லுக்கு ஒடித்தேன். காலை ஊன்றித் தேய்த்ததில் செருப்பு எங்கோ பறந்தது. காகிதப்பூ புதர் ஒன்றுக்குள் வண்டியோடு போய்ச் சாய்ந்தோம். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவளுக்கு ஒன்றும் இல்லை. கடவுளே என்று மூச்சு விட்டேன்.

ஆனால் தேவகி புல்லில் உட்கார்ந்தபடி என் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தாள். "என்ன ஆச்சு? யார் மேலயாச்சும் மோதிட்டமா? சொல்லுங்க, யாருக்காச்சும் அடியா?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல. புதர்ல விழுந்தோம். அவ்ளோதான்."

நாய்க்காரக் குடும்பம் ஓடி வந்து தண்ணீர் கொடுத்தது. அதைக் குடித்துவிட்டு அவள் சொன்னது எனக்கு இன்றும் காதில் நிற்கிறது.

"விழறது எனக்குப் பயமில்லீங்க. செம்பவாங்குல விழாத எடமா? என்ன நடக்குதுன்னே தெரியாம பின்னாடி உக்காந்திருந்தேன் பாருங்க. அது முடியல. இனிமே நான் ஏற மாட்டேன்."

காரிடாரில் நின்ற வண்டி

அவள் ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான். அடுத்த ஞாயிறு அழைத்தேன், முழங்கால் வலி என்றாள். அதற்கடுத்து துணி காயப்போட வேண்டும் என்றாள். வண்டி காரிடாரில் சந்தனக் கறையோடு நின்றது. மாலையில் வானொலியை வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்துவிடுவாள். என்ன பாட்டு ஓடுகிறது என்று கேட்டால் கவனிக்கவில்லை என்பாள்.

மகள் வித்யாவுக்கு விஷயம் தெரிந்து போனிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, சீரியஸ்லி? அம்மாவுக்கு ஐ ப்ராப்ளம் இருக்குன்னு தெரியும்ல? நீங்க ரெண்டு பேரும் ஸ்டே ஹோம் லா. வாக்கிங் போங்க. அது போதும்."

"உங்கம்மா நடந்து போறப்ப மூஞ்சியப் பாத்திருக்கியா? சைக்கிள்ல போறப்ப பாத்திருக்கியா?"

"சைக்கிள்ல பின்னாடிதானே பா உக்காந்திருக்காங்க. நீங்க எப்படி பாப்பீங்க?"

வழக்கறிஞருக்குப் படிக்க வைத்தது என் தப்பு.

ஆனால் எனக்கு மனசு ஆறவில்லை. பிரேக்கைச் சரிசெய்துவிட்டால் அவள் மனதையும் சரிசெய்துவிடலாம் என்று ஒரு நப்பாசை. அடுத்த அடுக்குமாடி புளோக்கில் இருக்கும் நண்பர் தேக்கா மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றும் லாரிக்காரர். ஒருநாள் விடிகாலையில் இரட்டைச் சைக்கிளை முட்டைக்கோஸ் கூடைகளுக்கு நடுவே படுக்க வைத்து, நானும் ஏறி உட்கார்ந்து மோகன் கடைக்குப் போனேன். அங்கே நடந்ததைத்தான் மேலே சொன்னேன்.

புதுக் கட்டை உடனே பிடிக்காது

மோகன் சிரித்து ஓய்ந்து, தகடுகள் இரண்டையும் ஸ்பிரிட்டால் அழுத்தித் துடைத்தார். எண்ணெய் குடித்த கட்டைகளைக் குப்பையில் போட்டார். புதுக் கட்டைகளை மாட்டினார். நான் உடனே ஏறி ஒரு சுற்று போய்ப் பிரேக்கைப் பிடித்துப் பார்த்தேன். ஏமாற்றமாக இருந்தது. பழையதுக்கு இது பரவாயில்லை, அவ்வளவுதான்.

"என்னப்பா இது? புதுசுன்னு சொன்ன, வழுக்குது?"

"புதுசு அப்படித்தாண்ணே இருக்கும். பழக்கணும். கொஞ்சம் வேகமாப் போங்க, மெதுவா அழுத்துங்க, நடக்கற வேகத்துக்கு வந்ததும் விட்டுடுங்க. நிக்க விடாதீங்க. மறுபடி வேகம், மறுபடி அழுத்து, விடு. இப்படியே நிறைய தடவை. கட்டை கொஞ்சம் கொஞ்சமாத் தேஞ்சு தகடு மேல சீராப் படியும். அப்புறம் பாருங்க, கெட்டியாப் புடிக்கும்."

"சட்டுன்னு புடிச்சா?"

"ஒரே எடத்துல அப்பிக்கும். அப்புறம் வண்டி தடதடன்னு ஆடும். பொறுமைண்ணே, பொறுமை."

வீட்டுக்கு வந்ததும் தேவகியிடம் எதையும் மறைக்காமல் சொன்னேன். சந்தன வாசத்தை மோகன் முகர்ந்து கண்டுபிடித்ததைக் கேட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சட்டென்று முகம் மாறியது.

"அப்ப, என் கையாலதான் ஆச்சா? கண்ணு தெரிஞ்சிருந்தா அங்க வச்சிருப்பேனா?"

"ஏய், கண்ணு நல்லாத் தெரியறவன்தான் பின்னாடி சக்கரத்துக்கு வச்சேன். அதுவும் ரெண்டு பக்கமும். துணி போட்டுத் தேச்சும் விட்டேன். உன்னோடது ஒரு பொட்டு, என்னோடது அபிஷேகம்."

மறுபடி சிரித்தாள். அந்தச் சிரிப்பின் தெம்பில், "நாளைக்குப் போலாமா?" என்று கேட்டுவிட்டேன். அவள் எழுந்து போய்ச் சட்னிக்குத் தேங்காய் துருவ உட்கார்ந்தாள். பாதி மூடி துருவிய பிறகு கேட்டாள்.

"அந்த வண்டிக்கு எத்தனை பிரேக்கு?"

"ரெண்டு. முன்னாடிக்கு ஒண்ணு, பின்னாடிக்கு ஒண்ணு."

"ரெண்டும் ஏன் உங்க கையிலயே இருக்கணும்?"

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பஸ்ஸில் எத்தனையோ பேரை ஏற்றிப் போயிருக்கிறேன். அவர்களில் ஒருவர்கூட என் பிரேக்கைக் கேட்டதில்லை.

"பாக்காம எப்படி பிரேக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க பாருங்க. நீங்க சொல்லுங்க, நான் புடிக்கிறேன். எனக்குப் பயமா இருந்தா, நீங்க சொல்லலேன்னாலும் புடிப்பேன். சும்மா மூட்டை மாதிரி பின்னாடி உக்காரச் சொன்னா வர மாட்டேன். பிரேக்கு குடுத்தா வரேன்."

முன் பிரேக் என்னிடம் இருக்கும், நல்லதுதான். ஆனாலும் மனம் ஒப்பவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது. வித்யாவிடம் சொன்னபோது, அவள் என் பக்கம் பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ, "ஆக்சுவலி அம்மா சொல்றது கரெக்ட் பா" என்று போனை வைத்துவிட்டாள்.

காய்கறி லாரியில் மறுபடி ஒரு பயணம். மோகன் கதையைக் கேட்டுவிட்டு இந்தத் தடவை சிரிக்கவில்லை. பின் பிரேக்கின் வயரைப் பிரித்துப் பின் கைப்பிடிக்கு இழுத்து, அங்கே ஒரு லீவரை மாட்டிக் கொடுத்தார். "முன்னாடிது நீங்க பழக்குங்க. பின்னாடிது அண்ணிதான் பழக்கணும். நீங்க தொடாதீங்க" என்றார்.

விடு, பிடி, விடு

வார நாள் காலை. பூங்காவில் கூட்டம் இல்லை. கடற்கரைக்கு இணையாக ஓடும் நேரான பாதை. அவள் இடது கையால் லீவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"சொன்னது ஞாபகம் இருக்குல்ல? மெதுவா அழுத்து. நிக்க விடாதே."

"தெரியும். ஓட்டுங்க."

வேகம் எடுத்தோம். "புடி" என்றேன். சடக்கென்று ஒரே பிடி! என் மூக்கு கைப்பிடியில் போய் மோதப் பார்த்தது.

"மெதுவான்னு சொன்னேன்ல?"

"பயந்துட்டேன்."

"பயந்தா சட்னி அரைக்கிற மாதிரி ஒரே அமுக்கா அமுக்குவாங்களா?"

"சட்னிய நீங்க ஒரு நாளாச்சும் அரைச்சிருக்கீங்களா? பேசாம மிதிங்க."

மிதித்தேன். மறுபடி "புடி". இந்த முறை பாதி அழுத்தி, பயத்தில் கடைசிவரை விடாமல் நிறுத்தியே விட்டாள். நிற்கக் கூடாது என்றேன். நின்றால்தானே நிம்மதி என்றாள். அவள் சொன்னதும் நியாயம்தான். பிரேக்கைப் பிடிக்கிறவருக்கு வண்டி நின்றுவிட வேண்டும் என்றுதான் தோன்றும். ஓடுகிற வண்டியில் பிடித்த பிடியை விடுவதற்குத்தான் துணிச்சல் வேண்டும்.

அந்த நீளத்தை எத்தனை தடவை போய் வந்தோமோ தெரியாது. வியர்த்துக் கொட்டியது. மரத்தடியில் தாய்ச்சி உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தவர்கள் எங்களைப் பார்த்துத் தங்களுக்குள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். நடுவில் வண்டியை நிறுத்தித் தகடு ஆறட்டும் என்று பெஞ்சில் உட்கார்ந்தோம். சோயா பால் குடித்தோம். உபின் தீவுப் பக்கமிருந்து காற்று வந்தது. சண்டை போட்ட களைப்பில் இருவரும் பேசவில்லை. அது நல்ல அமைதியாக இருந்தது.

மறுபடி ஏறினோம். சொல்லாமலே எங்களுக்குள் ஒரு தாளம் வந்துவிட்டது. நான் "புடி" என்று சொல்வதற்குள் அவள் அழுத்தத் தொடங்கினாள். நான் மிதிப்பதை நிறுத்துவது அவள் காலுக்குத் தெரிந்துவிடுகிறது. அழுத்துவாள், வண்டி தணியும், விடுவாள், நான் மிதிப்பேன். தடதடப்பு இல்லை. கீச்சு இல்லை.

"இப்ப புடிக்குதுங்க" என்றாள் திடீரென்று.

"எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியலயே?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்? லீவர் என் கையில இருக்கு. முன்ன சோப்புக் கட்டிய அமுக்கற மாதிரி இருந்துச்சு. இப்ப கடிக்குது."

நாலைந்து தடவை கழித்து எனக்கும் தெரிந்தது. நியாயமாக எனக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு சின்னப் பொறாமை வந்ததை இங்கே எழுதிவிடுகிறேன். அவள் எப்படியும் யாரையாவது விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்கத்தான் போகிறாள்.

நிழலுக்குள் இறங்குகிற பாதை

அந்த வாரக் கடைசியில் தெம்பனிஸ் பக்கம் போனோம். ஒரு இடத்தில் பாதை விரைவுச்சாலைக்கு அடியில் புகுந்து போகும். நல்ல வெயிலிலிருந்து சட்டென்று நிழலுக்குள் இறங்கும் சரிவு. கண் சரியாக இருப்பவர்களுக்கே ஒரு நொடி ஒன்றும் தெரியாது. தேவகிக்கு அங்கே சுத்தமாக எதுவுமே தெரியாது. வண்டி வாங்கிய நாளிலிருந்து அந்த இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போயிருக்கிறோம்.

வேகத்தைக் குறைத்தேன். "இறங்கிக்கலாமா?"

"எதிர்ல யாராச்சும் வராங்களா?"

எட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கத்து வெளிச்சம் வரை பாதை வெறிச்சோடிக் கிடந்தது. "யாரும் இல்ல."

"அப்ப போங்க."

சரிவு ஆரம்பித்தது. "புடி" என்றேன்.

பிடிக்கவில்லை.

வண்டி வேகம் எடுத்தது. தலைக்கு மேல் லாரிகள் ஓடும் சத்தம். "தேவகி, புடி!"

"இருங்க."

என் விரல்கள் முன் பிரேக்கின் மேல் இருந்தன. ஒரு அழுத்து போதும். அழுத்தியிருந்தால் அந்த நிமிடமே அவளுக்குத் தெரிந்திருக்கும், அதன் பிறகு அவள் கையில் இருக்கும் லீவருக்கு ஒரு அர்த்தமும் இருந்திருக்காது. அழுத்தவில்லை. எப்போது பிடிப்பாள், பிடிப்பாளா, எதுவும் எனக்குத் தெரியவில்லை. பின்னால் திரும்பிப் பார்க்கவும் முடியாது. காற்று காதில் அடித்தது. எனக்கு அவ்வளவு பயமாக இருந்தது, சொல்ல வெட்கமில்லை.

நிழலின் அடி ஆழத்தில் பின்னாலிருந்து ஒரு சத்தம். அலறுகிறாளோ என்று பதறினேன். இல்லை, சிரிக்கிறாள். வாய்விட்டு, சத்தமாக. சுவர் அதைத் திருப்பிக் கொடுத்தது. செம்பவாங் சாலையில் ஒரு சின்னப் பெண் இப்படித்தான் சிரித்துக்கொண்டு போயிருப்பாள் என்று தோன்றியது.

பிறகு வண்டி தணிந்தது. ஒரு உதறல் இல்லை. மெதுவாக, சீராக, கெட்டியாகப் பிடித்து, வெளிச்சம் தொடங்குகிற இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

இருவரும் காலை ஊன்றி நின்றோம். எனக்கு மூச்சு வாங்கியது.

"பயந்துட்டீங்களா?" என்றாள்.

"ஆமா தேவகி. ரொம்ப."

என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"என்ன நடக்கும்னு தெரியலேன்னா அப்படித்தான் இருக்கும். மிதிங்க."